வசைமொழியும் வரலாற்று நாடகமும்



பழங்காலக் கதையொன்றைத் திரையிலே காட்ட முனைவோர், உடையையும் விளக்கையும் வண்டியையும் அக்காலத்துக்கு இசையத் தேடிப் பெற்றுவிடுகின்றனர். ஆனால், சினங்கொண்டவன் வாயிலிருந்து வரும் சொல்லை எங்கிருந்து பெறுவது? பழைய உடையைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. பழைய வசையைக் கேட்டால் நகைப்பர்.

2004 முதல் 2006 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'டெட்வூட்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். காலம் 1876, களம் டக்கோட்டாப் பிரதேசத்திலே பொன் தேடி வந்தோர் கூடிய குடியிருப்பு. 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் சூ இனத்தாருக்கு உரியதென ஒப்புக்கொள்ளப்பட்ட நிலத்திலே, சட்டத்துக்குப் புறம்பாக எழுந்த ஊர் அது. அங்கே இனிய சொல்லை யார் எதிர்பார்ப்பார்? தொடரை உருவாக்கிய டேவிட் மில்ச், பாத்திரங்களின் வாயிலே வசையை மழையெனப் பொழிய வைத்தார். அவற்றுட் பெரும்பாலானவை உடலையும் உடலுறவையும் சுட்டுபவை. அச்சொற்கள் 1876இலும் இருந்தன; ஆயினும், வாக்கியந்தோறும் அடைமொழிபோல வழங்கும் பழக்கம் பிற்காலத்தது. அக்காலத்தவர் செவியைச் சுட்டவை கடவுளையும் நரகத்தையும் இழுத்துரைத்த சொற்களே. அவற்றை அப்படியே பேசவிட்டால் இன்று வேடிக்கையாகிவிடும். ஆதலாற் சொல்லை விடுத்துச் சூட்டைக் காத்தனர் என்பது தொடருக்காகக் கூறப்படும் நியாயம்.

ஆங்கிலத்திலே சத்தியம் செய்தலையும் வசைமொழிதலையும் ஒரே சொல் குறிப்பதை நேயர்கள் அறிவர். இறைவன் பெயரை வீணே கூறுவதுதான் அங்கே ஆதி வசை. 1606ஆம் ஆண்டுச் சட்டம், நாடக மேடையில் இறைவன் பெயரை இழிவாகவோ விளையாட்டாகவோ வழங்கியவருக்குப் பத்துப் பவுண் தண்டம் விதித்தது. உடலைச் சுட்டும் கொச்சைச் சொற்களைப்பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை!

வசையின் வலு தேய்வதற்கு நீண்ட காலமும் வேண்டியதில்லை. 1914இலே இலண்டனில் பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்திலே, பூ விற்கும் பெண்ணாக நடித்தவர் கூறிய 'பிளடி' என்ற ஒரு சொல் பெரும் பரபரப்பை ஊட்டிற்று. அந்நாடகம் 'மை ஃபெயர் லேடி' என 1956இல் இசைநாடகமாகவும் 1964இல் திரைப்படமாகவும் வந்தபோது, அச்சொல்லின் கூர் மழுங்கிவிட்டது. குதிரைப் பந்தயக் காட்சியிலே அப்பெண் வேறொரு கொச்சைச் சொல்லைக் கூவவேண்டியதாயிற்று.

மில்ச் கையாண்ட முறையை நான் குறைகூறேன். ஆயினும், அதனால் ஒன்று மறைந்துபோகிறது. 'நரகத்துக்குப் போ' என ஒருவன் வைதபோது, வைதவனும் கேட்டவனும் நரகம் உண்டென நம்பினர். அந்த அச்சம் இன்றைய சொல்லுக்கு இல்லை. டெட்வூட்டிலே ஹென்றி வெஸ்டன் ஸ்மித் என்றொரு போதகர் மெய்யாகவே வாழ்ந்தார்; தெருவில் நின்று போதித்தவர்; 1876 ஆகஸ்டிலே கொலையுண்டார். பழைய வசையை ஒரேயொரு முறை பேசவிட்டு, அதைக் கேட்ட அத்தகையவர் முகத்தை நமக்குக் காட்டியிருக்கலாம்.