திட்டமிடுவோரும் கணக்குக் கொடுத்தலும்

பொதுப் பொருளைக் கையாளுவோர் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பது தமிழர்க்குப் புதிய கொள்கையன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியவராகார் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஓர் ஊரின் ஏரியையும் தோட்டத்தையும் மேற்பார்ப்பவர்க்கே இத்துணைக் கட்டுப்பாடு வேண்டியிருந்ததாயின், ஒரு பெருநாட்டின் பொருளாதாரத்தை வகுப்பவர் யாருக்குக் கணக்குக் கொடுப்பர்? சுதந்திர இந்தியாவின் திட்ட ஆணைக்குழு வாழ்ந்த காலமெல்லாம் இவ்வினா அதனைத் தொடர்ந்து வந்தது.

இந்தியக் குடியரசின் அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 இல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வாரங்கள் கழிந்து, மார்ச் 15 இல், திட்ட ஆணைக்குழு தோன்றியது. அரசியலமைப்பு அதனைக் குறிப்பிடவில்லை. பாராளுமன்றமும் அதற்கெனச் சட்டம் இயற்றவில்லை. மந்திரிசபையின் தீர்மானமொன்றே அதனைப் பிறப்பித்தது. நாட்டின் வளங்களை மதிப்பிடுதல், அவற்றைப் பயன்படுத்தத் திட்டம் வகுத்தல், முன்னேற்றத்தை அளவிடுதல் ஆகியன அதன் கடமைகள். ஆலோசனை கூறுவதே ஆணைக்குழுவின் வேலை; முடிவு செய்யும் பொறுப்பு மத்திய, மாநில அரசாங்கங்களுக்கே உரியது என்று தீர்மானம் கூறிற்று. ஆயின் அதன் தலைவராய் அமர்ந்தவர் பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு. பிரதமரே தலைமை தாங்கும் சபையின் ஆலோசனையைப் புறக்கணிக்க எந்த மந்திரியால் இயலும்?

இந்த அபாயத்தை முதலில் எடுத்துக்காட்டியவர் அப்போதைய நிதி மந்திரி ஜோன் மத்தாய். அவர் திட்டமிடுதலை வெறுத்தவரல்லர்; 1944 இல் வெளிவந்த பம்பாய்த் திட்டத்தை வகுத்தோருள் ஒருவர். மந்திரிசபைக்கு இணையான மற்றொரு மந்திரிசபை உருவாகின்றது, பாராளுமன்றத்துக்கு விடையிறுக்க வேண்டிய நிதி அமைச்சின் அதிகாரம் குன்றுகின்றது என்பன அவர் கொண்ட கவலைகள். 1950 இல் அவர் பதவி துறந்தமைக்கு இது முக்கிய காரணமாயிற்று.

ஆணைக்குழுவின் பணி சிறிதன்று. 1951 இல் தொடங்கிய முதலாம் ஐந்தாண்டுத் திட்டம் 2,069 கோடி ரூபா மதிப்பில் வகுக்கப்பட்டு, விவசாயத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் முதன்மை அளித்தது. 1956 இல் தொடங்கிய இரண்டாம் திட்டம், அரசாங்கத் துறைக்கு 4,800 கோடி ரூபாவை வகுத்து, கனரகக் கைத்தொழில்களுக்கு வழிகோலிற்று. பணம் பெருகப் பெருக, மத்தாய் எழுப்பிய கேள்வியும் வலுப்பெற்றது.

மாநிலங்களுக்கு நிதியைப் பகிர அரசியலமைப்பு நிதி ஆணைக்குழுவை ஏற்படுத்தியிருந்தது. திட்ட உதவி என்னும் பெயரால் பெருந்தொகைகள் திட்ட ஆணைக்குழுவின் வழியாகவே சென்றன. நான்காவது நிதி ஆணைக்குழுவின் தலைவரான பி. வி. இராஜமன்னார் இவ்விரண்டின் பணிகளும் ஒன்றன்மேலொன்று படிவதைச் சுட்டிக்காட்டினார். தமிழ்நாட்டு அரசாங்கம் 1969 இல் அவர் தலைமையில் அமைத்த குழுவோ, திட்ட ஆணைக்குழுவை நீக்கிச் சட்டத்தால் அமைந்த சபையொன்றை நிறுவ வேண்டுமென 1971 இல் பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை.

எனினும், ஒரு நல்ல மாற்றம் 1969 இல் நிகழ்ந்தது. உபதலைவர் டி. ஆர். காட்கிலின் பெயரால் வழங்கும் விதிமுறை, மாநிலங்களுக்குரிய மத்திய உதவியை வரையறுத்தது. நூற்றுக்கு அறுபது பங்கு சனத்தொகைக்கு. எஞ்சியது தலைவருமானம், வரி முயற்சி, நடைபெறும் பெரும் வேலைகள், விசேட பிரச்சினைகள் ஆகியவற்றுக்கு. எந்த மாநிலத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்க்கு, அளந்து காட்ட ஒரு கோல் கிடைத்தது.

2014 ஆகஸ்ட் 15 இல் ஆணைக்குழுவின் முடிவு அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரி 1 இல் நீதி ஆயோக் அதனிடத்தைப் பெற்றது. அதுவும் மந்திரிசபைத் தீர்மானத்தாலேயே தோன்றியது. அறுபத்தைந்து ஆண்டுகள் கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைத் தொட்ட ஒரு நிறுவனம், பாராளுமன்றத்தின் சட்டமின்றியே பிறந்து, சட்டமின்றியே மறைந்தது.

நிபுணரின் அறிவு நாட்டுக்கு வேண்டும். ஆயின் அவ்வறிவு யாருக்கு விடையிறுக்கும் என்பதையும் நாடு முன்கூட்டியே வரையறுத்தல் வேண்டும். நல்லோர் தலைமை தாங்குங் காலத்தில் அந்த வரையறை தேவையற்றதாகத் தோன்றலாம். தலைவர்கள் மாறுவர், ஆனால் மக்களுக்குத் துணை நிற்பது விதியே. ஊர்க் கணக்கைக் கல்லில் எழுதி வைத்த உத்தரமேரூரார் இதனை அறிந்திருந்தனர்.