மழைக்கு ஒதுங்க இடமில்லாதவர்கள்: மெம்பிஸ் 1968

மார்ட்டின் லூதர் கிங் எந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று படிப்பு வட்டத்தில் கேட்டால், தோழர்கள் பலர் மெம்பிஸ் என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஊருக்கு அவர் எதற்காகப் போனார் என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். குப்பை லாரித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காகப் போனார். அந்த வேலைநிறுத்தத்தின் கதை ஒரு லாரியின் பின்பக்கத்தில் தொடங்குகிறது.

1968 பிப்ரவரி 1. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மெம்பிஸ் நகரத்தில் நல்ல மழை. ஐந்து பேர் கொண்ட ஒரு குழு குப்பை அள்ளி முடித்துக் கிளம்புகிறது. ஓட்டுநர் அறையில் ஐந்து பேருக்கு இடமில்லை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள், ஒருவருக்கு வயது 36, இன்னொருவருக்கு 30, பின்னால் குப்பை கொட்டும் பீப்பாய்க்குள்ளேயே ஏறி மழைக்கு ஒதுங்கினார்கள். இப்போது நம் நகரங்களில் ஓடும் காம்பாக்டர் லாரியின் பழைய வடிவம் அது. உள்ளே ஒரு ஹைட்ராலிக் தண்டு குப்பையை அழுத்தி நசுக்கும். மின்கோளாறில் அந்தத் தண்டு தானாக ஓட ஆரம்பித்தது. ஓட்டுநர் லாரியை நிறுத்தி, இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. இருவரும் நசுங்கிச் செத்தார்கள். இந்த லாரிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் அதற்கு முன்பே பலமுறை புகார் சொல்லியிருந்தார்கள்.

விபத்துச் செய்தி எதைப் படித்தாலும், செத்தவர் ஏன் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று கேட்டுப் பழகுங்கள் என்று இளைய தோழர்களிடம் நாங்கள் சொல்வதுண்டு. இங்கேயும் அதைக் கேட்டுப் பார்ப்போம். தெரு முழுக்க வீடுகள். வீட்டுக்கு வீடு முன்வாசலில் கூரை போட்ட திண்ணை. அங்கே பத்து நிமிடம் ஒதுங்கியிருக்கலாமே? கூடாது. கறுப்பினக் குப்பைக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று வெள்ளையர்கள் புகார் செய்ததால், மழையானாலும் வீடுகளின் பக்கம் ஒதுங்கக்கூடாது என்று தடை. ஓட்டுநர் அறையில் இடமில்லை, திண்ணையில் அனுமதியில்லை, மிச்சமிருந்தது குப்பை மட்டும்தான். அந்த இரண்டு பேரையும் பீப்பாய்க்குள் ஏற்றியது இந்தத் தடைதான். மின்கோளாறு வந்தது அதற்குப் பிறகு. திண்ணை என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றாட வேலை எப்படி இருந்தது? குப்பைத் தொட்டி தெருமுனையில் இருக்காது. தொழிலாளி ஒவ்வொரு வீட்டின் கொல்லைப்புறத்துக்கும் போய், அங்கே கிடப்பதை ஒரு பெரிய தகரத் தொட்டியில் அள்ளிக் கொட்டி, அதைத் தலையிலோ தோளிலோ சுமந்து லாரிக்கு வரவேண்டும். தொட்டிகள் ஓட்டை. அழுகிய தண்ணீரும் புழுவும் முகத்தில், கழுத்தில், சட்டைக்குள் வடியும். சீருடை கிடையாது, வேலை முடிந்தால் குளிக்க இடம் கிடையாது. அதே துணியோடு வீட்டுக்குப் போகவேண்டும். நடமாடும் பிணந்தின்னிக் கழுகுகள் என்று ஊரில் அவர்களுக்குப் பட்டப்பெயர் இருந்தது. ஒதுக்கிய தெருக்கள் முடியும்வரை வேலை. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி இல்லை. முழுநேரம் உழைத்தும், ஏழைகளுக்கான அரசு உதவியை வாங்கித்தான் பல குடும்பங்கள் சாப்பிட்டன.

சுமப்பவர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர், மேஸ்திரிகள் வெள்ளையர். அந்தச் சாவுகளுக்கு ஓரிரு நாள் முன்புதான், மழை பெய்கிறது என்று சாக்கடைப் பிரிவின் கறுப்பினத் தொழிலாளர்களை மட்டும் இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளையர்களுக்கு முழுநாள் சம்பளம் கொடுத்திருந்தார்கள். மழை எல்லோருக்கும்தான் பெய்தது.

கோல், வாக்கர் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களைப் போன்ற தொழிலாளர்களுக்கு விபத்துக் காப்பீடு இல்லை. நகர நிர்வாகம் ஒரு மாதச் சம்பளமும், அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்தது. 2014இல் நம் உச்ச நீதிமன்றம், மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகும், அந்தப் பணத்துக்காகக் குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. இது திடீர்க் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். டி.ஓ. ஜோன்ஸ் என்ற குப்பைத் தொழிலாளி 1963இலேயே சங்கம் கட்ட முயன்று, தோழர்களோடு சேர்ந்து வேலையை இழந்தவர். வேலை போன பிறகும் அவர் சங்கத்தை விடவில்லை. 1966இல் ஒரு வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது நீதிமன்றத் தடை வந்து நின்றுபோனது. இரண்டு சாவுகள் நடந்த அன்று, கோபத்தை ஒன்றுசேர்க்க ஒரு சங்கம் இருந்தது. அதைக் கட்ட ஐந்து வருடம் ஆகியிருந்தது.

மேயர் ஹென்றி லோப் பேச்சுவார்த்தைக்கே வரமுடியாது என்றார். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றார். போலீஸ் காவலோடு வேறு ஆட்களை வைத்து லாரிகளை ஓட்டினார். பிப்ரவரி 23 அன்று ஊர்வலத்தில் வந்தவர்கள் முகத்தில் போலீஸ் ரசாயனத் தெளிப்பு அடித்தது. அதன் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற அட்டைகள் வந்தன. ‘நான் ஒரு மனிதன்’ என்ற ஒரே வரி. கூலி எவ்வளவு வேண்டும் என்று அதில் எழுதவில்லை. அறுபது வயதுக்காரரையும் ‘பையா’ என்று கூப்பிடும் ஊர் அது. பத்து வயதுச் சிறுவன் நம் தாத்தாவை ‘டேய்’ என்று கூப்பிட்ட தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரியை விளக்கவேண்டியதில்லை.

இந்த வரலாற்றுக்கு நம் பக்கம் இரண்டு நேரடித் தொடர்புகள் உண்டு. போராட்டத்துக்கு ஆதரவு திரட்டிய பாதிரியார் ஜேம்ஸ் லாசன், 1950களில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தவர். அங்கே அவர் காந்தியின் வழிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அதே நகரத்தில்தான் 1956 அக்டோபரில் பாபாசாகேப் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். காந்தி கிடைத்த அளவுக்கு அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின இயக்கத்துக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு. இன்னொன்று, 1959இல் கிங் இந்தியா வந்தபோது நடந்தது. திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்று இருந்ததாம். பிறகு யோசித்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்ததை 1965இல் தன் பிரசங்கத்தில் அவரே சொன்னார். அந்த மனிதர்தான் 1968 மார்ச்சில் குப்பை லாரித் தொழிலாளர்களிடம் போனார்.

மார்ச் 28 ஊர்வலம் கலவரமாக முடிந்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து அவர் மனைவி கொரெட்டா தலைமையில் பல்லாயிரம் பேர் ஒரு சத்தமும் இல்லாமல் அதே தெருக்களில் நடந்தார்கள். ஏப்ரல் 16 அன்று ஒப்பந்தம்: சங்கத்துக்கு அங்கீகாரம், மே மாதம் மணிக்கு 10 சென்ட், செப்டம்பரில் இன்னும் 5 சென்ட் கூலி உயர்வு. ஒரு தலைவரின் உயிர் போன பிறகு கிடைத்தது அந்த 15 சென்ட்.

ஆனால் நகர ஊழியர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் அவர்கள் கைக்கு வரவில்லை. அதனால் வயதான பிறகும் பலர் வேலையை விடமுடியவில்லை. 1968இல் அட்டை பிடித்து நடந்தவர்களில் ஒருவரான எல்மோர் நிக்கல்பெரி, எண்பது வயதைத் தாண்டியும் மெம்பிஸ் தெருக்களில் இரவில் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 2017இல்தான், உயிரோடு மிஞ்சியிருந்த பழைய போராட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. அப்போது அவர்கள் இருபது பேர்கூட இல்லை.