புழுங்கலரிசி புகட்டும் பாடம்

தோட்டத்துத் தமிழரின் உணவைப் பற்றி இன்று இருவகைப் பேச்சுகள் உலவுகின்றன. பழஞ்சோற்று நீரைக் கண்டு முகஞ்சுளிப்போர் ஒரு சாரார். அதுவே சகல நோய்க்கும் மருந்தெனச் சாதிப்போர் மற்றொரு சாரார். இவ்விரண்டிற்கும் நடுவே உண்மையை நாடுவோர்க்கு, தெமியாங்கை உள்ளடக்கிய சிரம்பானும் அதனையடுத்த ஜெலுபுவும் ஓர் அரிய வரலாற்றை வைத்துள்ளன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய கொடுநோய் பெரிபெரி. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மாண்டோர் பலர்; அவருள் சீனத் தொழிலாளரே மிகுதி. தமிழரிடையே இந்நோய் அரிது என்பதை நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் கண்டார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. நோயின் வேர் அரிசியிலேயே உள்ளதென 1907-இல் அவர் நூலெழுதினார். ஆயினும், வெள்ளரிசியில் சேரும் ஒருவகை நஞ்சே காரணமென எண்ணினார்.

அவ்வாண்டே பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள், ஜெலுபுவின் டுரியான் திப்புஸில் சாலைப் பணி செய்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். வெள்ளரிசி உண்டவரிடமே நோய் தோன்றியது. உணவை மாற்றியபோது நோயும் பிரிவு மாறிற்று. அவ்வேழைகளின் உடல்களே சான்றாயின என்பதை நாம் மறத்தலாகாது. தீட்டும்போது தவிட்டுடன் நீங்கும் சத்தின் குறைவே காரணமெனத் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. அச்சத்தாகிய தயமின் 1926-இல் பிரித்தெடுக்கப்பட்டது. நெல்லைப் புழுக்கும்போது அது மணிக்குள் ஊடுருவித் தங்கிவிடுகிறது.

அதே காலத்தில் பாரிசில் மெச்னிக்கோப், புளித்த பாலின் நுண்ணுயிர்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்றார். அக்கருத்தின் வழியில் ஜப்பானில் 1935-இல் யாக்குல்ட் விற்பனைக்கு வந்தது; இன்று சிரம்பானிலேயே அதன் ஆலை இயங்குகிறது. இத்தகைய உயிர்களே ‘புரோபயோட்டிக்’ எனப்படுவன. போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என 2001-இல் உலக வல்லுநர் குழு இலக்கணம் வகுத்தது. ஆகவே, எந்த வகை, எவ்வளவு, எந்நோய்க்கு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கின்றன. எல்லா நோய்க்கும் அவை மருந்தாகா.

இரவெல்லாம் நீரில் ஊறும் சோற்றிலும் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அது நல்லுணவே, எனினும் அவற்றின் வகையும் அளவும் வீட்டுக்கு வீடு வேறுபடும். புழுங்கலரிசியின் பெருமை நம் முன்னோர் உண்டதனால் மட்டும் நிலைபெறவில்லை. சோதனையில் நின்றதனால் நிலைபெற்றது. பழஞ்சோற்றுக்கும் புட்டிப் பானத்துக்கும் அந்த உரைகல்லே பொருந்தும்.