அமைதிப் படையும் இந்தியன் ஆமியும்

மத்திய கைலாஷிலிருந்து டைடல் பார்க் வழியாகப் போகும் சாலையைத் தரமணியில் யாரைக் கேட்டாலும் ஓ.எம்.ஆர். என்பார்கள். பலகையில் எழுதியிருப்பதோ ராஜீவ் காந்தி சாலை. அவர் 1987-ல் இலங்கைக்கு அனுப்பிய படைக்கும் இப்படி இரண்டு பெயர். நம் பத்திரிகைகளுக்கு அது 'அமைதிப் படை'; யாழ்ப்பாணத்துக்கு 'இந்தியன் ஆமி'.

ஜூலை 29-ல் ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். புலிகளின் ஆயுதங்களை வாங்கி வைத்து, அவர்களுக்கும் இலங்கை ராணுவத்துக்கும் நடுவே நிற்பதுதான் படையின் வேலை. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26-ல் நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். அக்டோபர் 5-ல், கைதாகியிருந்த புலிகளில் 12 பேர் சயனைடு தின்று மாண்டார்கள். அடுத்த சில நாட்களில் புலிகளுக்கு எதிரான 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. பஞ்சாயத்துக்கு வந்தவரே சண்டையில் இறங்கிவிட்டார்.

அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய காலாட்படைப் பிரிவில் 30 பேர். 29 பேர் உயிரிழந்தார்கள். பத்து நாளில் தீபாவளி. அன்று யாழ் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த படையினர் நோயாளிகளையும் ஊழியர்களையும் சுட்டார்கள். மறுநாள் காலை, கையை உயர்த்தியபடி வந்த குழந்தை மருத்துவர் ஒருவரும் சுடப்பட்டார். 'ஆமி' என்ற சொல்லில் பயம் ஏறியது இப்படித்தான்.

நகரம் இரண்டே வாரங்களில் கைக்கு வந்தது. புலிகள் வன்னிக் காட்டுக்குள் போனார்கள். பிடித்த நிலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வெற்றிதான். ஆனால் கிளர்ச்சியை அடக்கப் போகும் அரசின் கணக்கு வேறு: படை கிளம்பிய மறுநாள் அங்கே எது நிற்கிறது?

1988-ல் தேர்தல் நடத்தி, வரதராஜப் பெருமாளை முதலமைச்சராக்கி, வடகிழக்குக்கு ஒரு மாகாண சபை அமைத்தார்கள். அதைக் காக்கத் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று ஒன்று. தெருவில் போன பையன்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். படை விலக விலக அதுவும் கலைந்தது. 1990 மார்ச்சில் பெருமாளே இந்தியாவுக்கு வந்துவிட்டார். சுமார் 1,200 வீரர்களைப் பலிகொடுத்துக் கட்டியது ஒரு மாதம்கூடத் தனியே நிற்கவில்லை.

மார்ச் 24-ல் கடைசி வீரர்களும் கிளம்பினார்கள். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. போகும்போது கிடைத்த மாலை, திரும்பும்போது இல்லை.

இதற்கிடையே கொழும்பில், ஜெயவர்த்தனாவுக்குப் பின் அதிபரான பிரேமதாசா, இந்தியப் படையோடு போரிட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். ஏன்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)