கூடைப்பந்து பழக்கிய பாதர்

பாடசாலை வரலாறு என்றாலே எங்களுக்கு ஞாபகம் வாறது ஆண்டு விழா மலர்தான்: அதிபர்களின் பட்டியல், கட்டடம் திறந்த தேதி. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரிக்கும் அப்படியொரு ஆண்டு உண்டு, 1867. ஆனா அதன் கதையில ஒரு பெரிய பங்கு கூடைப்பந்துத் திடலில கிடக்கு.

அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைக் குரு யூஜின் ஜோன் ஹேபர்ட், 1948இல் இலங்கைக்கு வந்தார். இந்தக் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1960களின் தொடக்கத்தில், உதவி பெறும் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. நிர்வாகங்கள் மாறிச்சு, கிழக்கில கூடைப்பந்து நிண்டு போகேல்ல.

பிறகு போர். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில வெளிக்கிட்ட பாதரும், அவரோட வந்த தமிழ் இளைஞரும் வந்து சேரவேயில்லை. இருவருக்கும் கல்லறை இல்லை.

மலர்களில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில இரண்டு ஆண்டுகள் போடுவினம்: தொடங்கியது, முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருக்கு ரெண்டாவது ஆண்டா எதைப் போடுறது? எங்கட பாடசாலை வரலாறுகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.