புற நரம்புச் சீரமைப்பில் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் புரதங்கள்

அறுபட்ட அல்லது நசுங்கிய புற நரம்பு மீண்டும் வளரும்போது, செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் புரதங்கள் இவை.

நெடுஞ்சாலைகளில் தோள்பட்டை அடிபட பைக்கிலிருந்து விழுவோருக்குக் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் கிழிந்துபோகலாம். நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். தோளிலிருந்து விரலை எட்ட ஓராண்டுக்கும் மேலாகும். அதற்குள் தசை மெலிந்துவிடும் என்பதே பெருங்கவலை.

காயத்துக்கு அப்பாலுள்ள இழை சிதைவதை உடலியலாளர் அகஸ்டஸ் வாலர் 1850இல் விவரித்தார். நரம்பிழையைச் சூழும் ஷ்வான் செல்களும் பெருவிழுங்கிகளும், சிதைந்த இழையின் கொழுப்புறையான மயலினின் குப்பையை அகற்றுகின்றன. அப்போது பெருகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொழுப்புப் படலங்களைக் கெடுக்கின்றன. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் (1969இல் அறியப்பட்டது) அவற்றுள் ஒன்றான சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸும் பெராக்சிரெடாக்சினும் அதை நீராக்குகின்றன. முழுவதும் அழித்துவிடுவதும் நல்லதல்ல: சிறிதளவு பெராக்சைடு வளர்ச்சிக்கான சமிக்ஞை.

இப்புரதங்களுள், காயத்துக்குப் பின் நரம்பில் பன்மடங்கு பெருகும் அப்போலிப்போபுரதம் டி குறிப்பிடத்தக்கது. அது இல்லாத எலிகளில் மயலின் அகற்றமும் மறுவளர்ச்சியும் தாமதமாகின்றன.

 

இப்புரதங்கள் குறித்த சான்றுகளில் பெரும்பகுதி விலங்குச் சோதனைகளிலிருந்து கிடைத்தது. நோயாளிக்கு இன்றும் கைகொடுப்பவை காலம் தாழ்த்தாத நரம்புத் தையலும் இயன்முறைப் பயிற்சியும்.