தேர்ச்சி பெற்றவர் யார்?

வட இந்தியக் கிராமங்களில் பேறு பார்த்த பெண்ணைத் 'தாயி' என்றழைத்தனர். தமிழ் எழுத்தில் அன்னையை நினைவூட்டும் இச்சொல் இந்துஸ்தானியில் சுட்டியது பெரும்பாலும் ஒரு தலித் பெண்ணை. பேற்றின் குருதி தீட்டெனக் கருதப்பட்டதால் தொப்புள்கொடி அறுக்கும் வேலை அவளிடம் விடப்பட்டது. தீட்டை அவள்மீது சுமத்தியது சாதி. அவளை அழுக்கின் உருவமாக எழுதிவைத்தது காலனிய மருத்துவம்.

1885இல் தொடங்கிய டஃபரின் நிதியம் பெண் மருத்துவர்களை உருவாக்க முனைந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி முன்னின்று தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி தாயிகளுக்குப் பயிற்சியளிக்க முற்பட்டது. 1927இல் வெளிவந்த கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' தாயியை உலகின்முன் குற்றவாளியாக நிறுத்தியது. அவள் கைகளால் கிருமித்தொற்று பரவியது உண்மையே. குருதிப்பெருக்கையோ தடைப்பட்ட பேற்றையோ அவளால் வெல்ல முடியாததும் உண்மையே. ஆனால் அவளை விட்டால் அங்கே வேறு யார் இருந்தார்கள் என்ற கேள்வியை அக்காலத்து எழுத்துகள் அரிதாகவே எழுப்பின.

1946இல் போர் குழு அதற்கு எண்ணில் விடையளித்தது: பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 60,000 பேருக்கு ஒரு மகப்பேற்றுச் செவிலி. ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் தாய்மார்கள் இறப்பதாகவும் அது மதிப்பிட்டது. போதிய செவிலியர் உருவாகும்வரை தாயிகளுக்கான பயிற்சி தொடரட்டும் என்பது அதன் இடைக்கால யோசனை. அந்த இடைக்காலம் அரை நூற்றாண்டு நீடித்தது.

விடுதலைக்குப் பின் இவ்விடைவெளியை நிரப்ப வந்தவர் துணைச் செவிலி எனப்படும் ஏ.என்.எம். அவருக்கு நேர்ந்ததே இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. 1973இல் கர்தார் சிங் குழு அவரைப் பல்நோக்குப் பணியாளராக்கியது. 1977இல் பயிற்சிக்காலம் 24 மாதங்களிலிருந்து 18 மாதங்களாகச் சுருங்கியது. குடும்பக்கட்டுப்பாட்டு இலக்குகளும் தடுப்பூசிப் பணியும் அவரது நாளை விழுங்கின. பெயரில் 'மிட்வைஃப்' நின்றது. பேறு பார்க்கும் பழக்கம் கைவிட்டுப் போனது.

2004இல் உலக சுகாதார நிறுவனமும் இரு பன்னாட்டுக் கூட்டமைப்புகளும் 'தேர்ச்சி பெற்ற பேற்றுப் பணியாளர்' என்ற தொடரை வரையறுத்தபோது, பயிற்சி பெற்ற தாயியும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார். ஏ.என்.எம். உள்ளே இருந்தார். தேசியக் குடும்பநல ஆய்வு பேறு பார்த்தவர் யார் என்று தாயிடம் கேட்டு, அவரது பதவியைப் பதிகிறது. அவர் கடைசியாக எப்போது பேறு பார்த்தார் என்பதற்கு அதில் இடமில்லை. சொல் ஒரு திறனைக் குறிக்கிறது, அட்டவணை ஒரு பதவியை எண்ணுகிறது.

2005இல் வந்த ஜனனி சுரக்ஷா யோஜனா உதவித்தொகை தந்து பேற்றை மருத்துவமனைக்கு மாற்றியது. நிறுவனப் பேறுகள் 2005-06இல் 39 விழுக்காடு, 2019-21இல் 89. தாய் இறப்பு விகிதமும் லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 254 (2004-06) என்பதிலிருந்து 97 (2018-20) ஆகக் குறைந்தது. இந்தச் சாதனையைச் சிறுமைப்படுத்த இயலாது. அதற்காகப் பழைய தாயியைப் போற்றிப் பாடவும் வேண்டியதில்லை. எனினும் படுக்கையை அடைந்துவிட்ட பெண்ணருகே யார் நிற்கிறார் என்பது தனிக் கேள்வியாகவே இருந்தது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மகப்பேற்றுச் சேவை வழிகாட்டுதல்கள், ஏற்கெனவே பட்டமோ பட்டயமோ பெற்ற செவிலியருக்குப் பேறு பார்ப்பதற்கென்றே மேலும் 18 மாதப் பயிற்சியை விதித்தன.